அவர், அவள், அது: அன்றாடத் தமிழில் பால் ஒளிந்திருக்கும் இடங்கள்

பால் பற்றிய பேச்சில் அடிக்கடி எழும் கேள்விகள் மூன்று. ஆங்கிலத்தில் ஒருவரை ஹீ என்பதா, ஷீ என்பதா, பால் காட்டாத தே என்பதா என்று நடக்கும் வாக்குவாதத்துக்குத் தமிழில் இடம் உண்டா? தினசரிப் பேச்சு ஆண், பெண், திருநர் பற்றிய நம் எண்ணத்தை நிஜமாகவே வளைக்கிறதா? அப்படியானால் எழுதும்போது எதை மாற்றுவது? முதல் கேள்விக்குப் பதில் சின்னது. மூன்றாவதற்குத்தான் நேரம் வேண்டும்.

நான், நீ, நாம், நீங்கள் எதிலும் தமிழ் பால் பார்ப்பதில்லை. படர்க்கைக்கு வந்தால்தான் அவன், அவள் என்று பிரிகிறது. அங்கேயும் 'அவர்' என்ற பொதுச்சொல் கையிருப்பில் இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் இதற்காகவே 'ஹென்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, 2015இல் தங்கள் அகராதியில் ஏற்றினார்கள். நமக்கு அந்த வேலை மிச்சம். ஆனால் தமிழன் வாயைத் திறந்ததும் பாலைப் பார்ப்பதற்கு முன்பே மரியாதையைப் பார்த்துவிடுகிறான். யாருக்கு 'ர்', யாருக்கு வெறும் 'ன்', 'ள்' என்று முடிவாகும் அந்த அரை நொடியில் வயது, சாதி, சம்பளம், தாலி எல்லாம் சேர்ந்து வாக்களித்துவிடுகின்றன. நம் சிக்கல் இலக்கணத்தில் இருப்பதைவிட இந்த வாக்கெடுப்பில்தான் அதிகம் இருக்கிறது.

இலக்கணமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று யாராவது சொன்னால் பக்கத்து வீடுகளைக் காட்டுங்கள். மலையாளத்தில் வினைமுற்றில் பாலே கிடையாது. அவனும் 'வந்நு', அவளும் 'வந்நு'. தெலுங்கில் ஆண் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் சரி, மாடு வந்தாலும் சரி, 'வச்சிந்தி'. இதை வைத்து மலையாளி வீட்டில் சமத்துவம் பொங்குகிறது, தெலுங்கு வீட்டில் பெண் மாட்டுக்குச் சமம் என்று சொல்ல முடியுமா? பின்னிஷ், துருக்கி மொழிகளிலும் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்தான். சாவி என்ற சொல் ஜெர்மனில் ஆண்பால், ஸ்பானிஷில் பெண்பால் என்பதால் அவர்கள் சாவியை வெவ்வேறாக நினைக்கிறார்கள் என்று ஒரு சோதனை உலகம் முழுக்கச் சுற்றியது. 2014இல் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இன்றும் மேடைகளில் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்; நம்ப வேண்டாம்.

நிற்கிற சான்றுகள் இதைவிட அடக்கமானவை. பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தொழில் பெயரை ஆண்பால் பன்மையில் எழுதினால், அது எல்லோரையும் குறிக்கும் என்று இலக்கணம் சொன்னாலும் படிப்பவர் மனதில் ஆண்களே வருகிறார்கள் என்று 2008இல் ஒரு சோதனை காட்டியது. வேலை விளம்பரத்தில் 'ஆதிக்கம்', 'போட்டி' போன்ற சொற்கள் கூடினால் அந்த வேலை பெண்களுக்கு ஈர்ப்புக் குறைந்ததாகத் தெரிகிறது என்பது 2011இல் வந்த ஆய்வு. ஒரு சொல் ஒருவரை ஆணாதிக்கவாதி ஆக்கிவிடாது. யார் இந்த வேலைக்கு உரியவர், யார் சொன்னால் கேட்க வேண்டும் என்ற படத்தை மனதில் சத்தமில்லாமல் வரைந்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அது ஒரு நாளைக்கு நூறு தடவை நடக்கிறது.

எழுத்தில் பொது, பேச்சில் ஆண்

பள்ளிக்கூடத்தில் 'அவர்' இருபாலுக்கும் பொது என்று படித்தோம். எழுத்தில் அது சரி. பேச்சில் 'அவரு' என்றால் ஆண் மட்டுமே. பெண்ணுக்கு மரியாதை கொடுக்க வேண்டுமானால் 'அவங்க' என்போம். 'டாக்டர் வந்தாரு' என்றால் ஆண் டாக்டர், 'டாக்டர் வந்தாங்க' என்றால் பெரும்பாலும் பெண் டாக்டர் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இன்னும் நுணுக்கம்: அங்கே பெண்ணுக்கென்றே மரியாதை ஒருமையாக 'அவா' இருக்கிறது. (மயிலாப்பூர்ப் பிராமணர் பேச்சில் 'அவா' என்றால் 'அவர்கள்'; ஒரு கூட்டமே வந்திருக்கும், அது வேறு கதை.)

விளைவு என்ன? 'ஆட்சியர் நேரில் ஆய்வு செய்தார். அவர் கூறியதாவது' என்று எழுதினால், பேச்சுக் காதோடு படிக்கிறவருக்கு மீசை வைத்த ஒருவர் கண்ணில் வருகிறார். இயந்திர மொழிபெயர்ப்பும் இதே குழியில் விழுகிறது: 'அவர்' என்றால் பெரும்பாலும் ஆங்கில 'ஹீ' வந்துவிடும், எதிர்த்திசையில் பல சமயம் 'ஷீ செட்' என்பது 'அவள் சொன்னாள்' ஆகும், 'ஹீ செட்' என்பது 'அவர் கூறினார்' ஆகும். ஆகவே 'அவர்' போட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. ஆள் யார் என்பது செய்திக்குத் தேவையானால் பெயரை முதல் வரியிலேயே கொடுத்துவிடுங்கள். பெயர் வந்த பிறகு 'பெண் ஆட்சியர்' என்ற ஒட்டு தேவையே இல்லை.

இந்த 'அவங்க'வுக்கு இன்னொரு பயன் உண்டு. ஆண், பெண் என்ற இரண்டிலும் தன்னை அடக்கிக்கொள்ள விரும்பாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது தமிழ் தடுமாற வேண்டியதில்லை. பேச்சில் 'அவங்க வந்தாங்க', எழுத்தில் 'அவர் வந்தார்'. யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். ஒரு திருநங்கை தன்னைப் பெண் என்றே குறிப்பிட விரும்பினால் அக்கா, அம்மா, மகள் என்ற முறைப்பெயர்கள் அந்த வேலையைச் செய்துவிடும். அவர்களுக்குள்ளேயே புழங்குவதும் அந்தச் சொற்கள்தான்.

ஒரு செய்தியைப் பிரித்துப் பார்ப்போம்

மாதிரிக்கு நான்கு வரி. இது எந்தப் பத்திரிகையில் வந்ததும் அல்ல. வார்ப்பு மட்டும் எல்லோருக்கும் பழகியது.

'குடும்பத் தகராறில் மனைவியைக் கணவர் கட்டையால் தாக்கினார். வலி தாங்காமல் அவள் அலறினாள். அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தனர். கணவர் தப்பிச் சென்றுவிட்டார்.'

விகுதியை எண்ணுங்கள். அடித்தவருக்கு இரண்டு வினைமுற்று, இரண்டிலும் 'ர்'. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் பலர்பால். அடிவாங்கியவருக்கு மட்டும் 'அவள்', 'அலறினாள்'. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. வீட்டில் கணவர் 'வா, போ' என்பதும் மனைவி 'வாங்க, போங்க' என்பதும் காதில் ஊறிப்போனதால் கை தானாக அப்படிப் போகிறது.

இரண்டாவது, 'குடும்பத் தகராறு'. தகராறு என்றால் இரண்டு பேரும் செய்தது. கட்டை ஒருவர் கையில்தான் இருந்தது. தகராறு என்ன என்று தெரிந்தால் அதை எழுதலாம்: 'மது குடிக்கப் பணம் கேட்டு'. தெரியாவிட்டால் வெறுமனே 'தாக்கினார்' போதும். திருத்தினால் இப்படி வரும்: 'மனைவியைக் கட்டையால் தாக்கிய கணவர் தலைமறைவாகிவிட்டார். அலறல் கேட்டு ஓடி வந்த அக்கம்பக்கத்தினர் அந்தப் பெண்ணை மருத்துவமனையில் சேர்த்தனர்.' மரியாதை சமமாகிவிட்டது, எழுத்தும் குறைந்துவிட்டது.

திருத்தும்போது கோணலாவது எங்கே என்றும் சொல்லிவிடலாம். எல்லோருக்கும் 'ர்' போட்டால் 'அவர் அவரைத் தாக்கினார்' என்று வந்து நிற்கும். யார் யாரை? இங்கே சுட்டுப்பெயரைத் தூக்கிவிட்டுப் பெயரையோ 'கணவர்', 'மனைவி' என்பதையோ திரும்ப எழுதுவதுதான் வழி. திரும்ப வந்தால் அழகு கெடும் என்று பயப்படாதீர்கள். செய்திக்கு அழகைவிடத் தெளிவு முக்கியம். 'கொலைகாரனுக்கு என்ன ர்?' என்று வாசகர் சண்டைக்கு வருவார். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான் என்பது ஒரு பதில். வயது வந்தவருக்கு 'ர்', சிறுவர் சிறுமியருக்கு 'ன்', 'ள்' என்று ஒரே விதி வைத்தால் ஒவ்வொருவரையும் தராசில் நிறுத்த வேண்டாம் என்பது இன்னொன்று. 17 வயது மாணவர் 'கூறினார்', அதே வகுப்பு மாணவி 'கூறினாள்' என்று ஒரே செய்தியில் வருவது இந்த விதி இல்லாததால்தான்.

நீண்ட கட்டுரையானால் கணினியில் தேடிப் பார்ப்பது வேகமான வழி. இறந்தகாலத்துக்கு 'னாள்', 'டாள்', 'தாள்', 'றாள்' என்று நான்கு தேடல். எதிர்காலத்துக்கு 'வாள்', 'பாள்' என்று இரண்டு. 'றாள்' தேடலிலேயே 'வருகிறாள்' வகையும் அகப்படும். காகிதத் தாளும் வெட்டும் வாளும் கூடவே வரும், தள்ளிவிடுங்கள். பிறகு 'னான்', 'டான்', 'றான்' தேடுங்கள். 'தான்' மட்டும் தேடாதீர்கள், 'அதுதான்', 'நான்தான்' எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கு எது போயிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'அம்மா வந்துச்சு'வும் 'அது வந்துச்சு'வும்

'அம்மா வந்துச்சு', 'அக்கா சொல்லுச்சு' என்று பேசுவது பெண்ணை அஃறிணை ஆக்குகிறது என்று குற்றம் சொல்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம். 'வந்தா' என்றால் மட்டு, 'வந்தாங்க' என்றால் விறைப்பு. இரண்டுக்கும் நடுவில் செல்லமும் நெருக்கமும் கலந்த ஒரு படி தேவைப்படுகிறது. பல மாவட்டங்களில் 'வந்துச்சு' அந்த இடத்தை நிரப்புகிறது. பாப்பாவுக்கும் அதுதான். சில ஊர்களில் அண்ணனுக்கும் அதுதான். ஆனாலும் கணக்கெடுத்தால் அப்பாவுக்கு இந்தப் படி அரிதாகவே கிடைக்கிறது. 'அப்பா வந்தாரு' என்று நேராக மேலே ஏறிவிடுகிறார். அம்மா பாசத்துக்குரியவர், அப்பா பயத்துக்குரியவர் என்ற வீட்டுப் பாடத்தில் பாதி இந்த இரண்டு வினைமுற்றில் இருக்கிறது.

முறைப்பெயரை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'அது வந்துச்சு, காசு கேட்டுச்சு.' கடைத்தெருவில் ஒரு திருநங்கையைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வினைமுற்று அம்மாவுக்குப் போட்டதேதான். பாசத்தைத் தாங்கிப் பிடித்திருந்த 'அம்மா' போனதும் மீதி நிற்பது அஃறிணை மட்டுமே. ஆகவே திருத்த வேண்டியது 'வந்துச்சு' என்ற வட்டார வழக்கை அன்று. பெயரோ முறையோ இல்லாமல் மனிதரை 'அது', 'இது' என்று சுட்டுவதைத்தான்.

இது இன்றைய புதுக் கவலை என்று நினைப்பவர்கள் இலக்கணத்தைப் புரட்டலாம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தின் நான்காவது நூற்பா, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'யையும் (ஆண்தன்மை மாறியவரைக் குறிக்கும் பெயர்) தெய்வப் பெயரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிறது: இவற்றுக்குத் தனி ஈறு கிடையாது, 'உயர்திணை மருங்கின் பால்பிரிந்து இசைக்கும்'. அதாவது மனிதருக்குரிய விகுதியையே கொடு. பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூல், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலிலும் சேர்க்கிறது. தன் விருப்பத்தை வைத்துப் பால் சொல்லும் விதி; இன்றைக்கு நீதிமன்றம் பேசும் பேச்சு. அடுத்த அடியிலேயே 'இருமையும் அஃறிணை அன்னவும் ஆகும்', அதாவது இருவரையும் அஃறிணை போலவும் சொல்லலாம், என்று ஒரு கதவையும் திறந்து வைத்துவிட்டது. கடைத்தெரு அந்தக் கதவு வழியாகத்தான் நுழைகிறது.

பெயர்ச்சொற்கள் மாறிய வேகம் கவனிக்கத்தக்கது. 'அலி', 'ஒன்பது', 'உஸ்ஸு' என்று ஏசிய ஊரில் முதலில் 'அரவாணி' வந்தது. கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் சடங்கிலிருந்து பிறந்த சொல். 2008இல் தமிழ்நாடு அரசு அமைத்த நல வாரியமே அரவாணிகள் பெயரில்தான் வந்தது. ஒரு கோயில் சடங்கில் ஓர் அடையாளத்தை முழுக்கக் கட்டிப்போட முடியாது. கிறித்தவரும் இஸ்லாமியரும் இருக்கிறார்கள், கூவாகத்துக்கே போகாதவர்களும் இருக்கிறார்கள். 'திருநங்கை' அந்த முடிச்சை அவிழ்த்தது. பெண்ணாகப் பிறந்ததாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு 'திருநம்பி', இருவரையும் சேர்த்துச் சொல்ல 'திருநர்'. திருநம்பியைப் பற்றிய செய்திக்கு 'திருநங்கை' என்று தலைப்புப் போடும் தவறு இன்னும் நடக்கிறது.

'மூன்றாம் பாலினத்தவர்' என்பதை எல்லோருக்கும் போர்த்துவதும் சரியல்ல. முதலாம் பாலினம் யார் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். 2014 ஏப்ரல் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றில் தன்னை எதுவாகக் கருதுகிறார் என்பதை அவரவரே தீர்மானிக்கலாம் என்றது. அதன்படி ஒரு திருநங்கை சட்டப்படியே பெண்ணாக இருக்கலாம். அவரை மூன்றாவது வரிசைக்கு அனுப்பும் வேலை நம்முடையது அன்று. 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கைத் தொடர்ந்து, இந்தச் சொற்களுக்கான தமிழ்ப் பட்டியலை அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. 'ஓரினச்சேர்க்கை' என்பது செயலை மட்டும் பேசும். 'தன்பாலீர்ப்பு' ஒருவரின் இயல்பைப் பேசும். பின்னதைப் பயன்படுத்தும்போது செய்தியின் தொனியே மாறுவதை எழுதிப் பார்த்தால் தெரியும்.

கொடுப்பதும் எடுப்பதும்

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் அழுத்தமானது, ஆனால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பெண் 'பார்க்கிறோம்', பெண் 'கொடுக்கிறோம்', பெண் 'எடுக்கிறோம்', 'கட்டிக்கொடுக்கிறோம்', மூன்று பேரைக் 'கரையேற்றுகிறோம்'. எல்லாவற்றிலும் பெண் செயப்படுபொருள். அவளே எழுவாயாக வரும் வினை 'வாழ்க்கைப்படுதல்'. அதிலும் 'படு' ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாறாகத் தானே முடிவு செய்து போனால் 'ஓடிப்போனாள்', 'ஓடுகாலி'. கூடவே போன ஆணுக்கு 'ஓடுகாலன்' என்ற சொல் ஏன் புழக்கத்தில் இல்லை? பெண் வீட்டில் போய்த் தங்கும் ஆணுக்கு 'வீட்டோடு மாப்பிள்ளை' என்ற இளக்காரம். கணவன் வீட்டில் தங்கும் பெண்ணுக்குத் தனிப்பெயரே தேவைப்படவில்லை, அது இயல்பு என்பதால்.

சொத்தில் இது காசாக மாறுகிறது. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு தந்துவிட்டன. ஊர்ப்பேச்சில் 'வாரிசு' என்றால் இன்னும் ஆண்பிள்ளைதான். இரண்டு மகள் இருக்கும் வீட்டை 'வாரிசு இல்லாத வீடு' என்கிறார்கள். மகனுக்குப் போவது 'பங்கு'. மகளுக்குப் போவது 'சீர்'. பங்கு உரிமை, சீர் அன்பளிப்பு. சீர் வாங்கிய மகள் பங்கு கேட்டால் 'கூடப்பிறந்தவனோட சொத்துக்கு நிக்கிறா' என்று பேச்சு வரும். கடைசியில் அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் ஆவணத்தின் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. யாருக்கு விடுதலை? கையெழுத்துக்கு முன் வரைவு ஆவணத்தை வாங்கி 'எனது பங்கினை விடுதலை செய்து கொடுக்கிறேன்' என்ற வரியை 'எனக்குரிய இவ்வளவு சென்ட்டை, இவ்வளவு ரூபாய் பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுக்கிறேன்' என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்ப்பது நல்லது. அளவும் தொகையும் கண்ணில் படும்.

கணவரை இழந்தவருக்கு விதவை, கைம்பெண், தாலியறுத்தவள் என்று நீளும் பட்டியல். மனைவியை இழந்தவருக்குப் பழந்தமிழில் 'தபுதாரன்' என்ற கருத்தாவது இருந்தது. தொல்காப்பியம் 'தபுதார நிலை' என்கிறது. அந்தச் சொல் செத்துவிட்டது, ஏனென்றால் அவருக்கு மறுநாள் எதுவும் மாறவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கே பெண் தேடலாம். எழுத்தில் இருவருக்கும் 'துணையை இழந்தவர்' என்றே எழுதிவிடலாம்; அதுவும் செய்திக்குத் தேவைப்பட்டால் மட்டும்.

சின்ன ஆள்

கட்டட வேலையில் மேஸ்திரி, கொத்தனார், பெரியாள், சித்தாள் என்று படி. கொத்தனாரின் 'ஆர்' விகுதியிலேயே மரியாதை ஒட்டியிருக்கிறது. சித்தாள் என்றால் சிறிய ஆள், பெரும்பாலும் பெண். செங்கல் சுமப்பவர், கலவைச் சட்டியை மாடிக்கு ஏற்றுபவர், சுவருக்குத் தண்ணீர் விடுபவர். பெரியாளாக வந்த இளைஞன் சில ஆண்டுகளில் கரண்டி பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான்; சித்தாள் இருபது ஆண்டு கழித்தும் சித்தாள். கூலி பேசும்போது 'சித்தாளுக்கு இவ்வளவு' என்றால் பேரமே முடிந்தது. சுமந்த எடை அங்கே பேச்சில் வருவதில்லை. வயலில் 'ஆம்பளையாள் கூலி', 'பொம்பளையாள் கூலி'. நூறு நாள் வேலையில் இந்த இரட்டைக் கூலி இல்லை, அந்தப் பெயர்களும் இல்லை. ஆளெடுப்பில் பாகுபாடு கூடாது என்று 1976ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொன்னது. தேநீர்க் கடைச் சுவரில் இன்றும் 'லேடி ஸ்டாஃப் தேவை', 'டெலிவரி பாய் தேவை'.

சமையலைப் பாருங்கள். ஓட்டல் அடுப்படியில் நிற்பவர் 'மாஸ்டர்'. வீட்டுக்கு வந்து சமைப்பவர் 'சமையக்காரம்மா'. மாஸ்டர் தொழில் தெரிந்தவர், அம்மா கைப்பக்குவம் உள்ளவர். சம்பளம் தொழிலுக்கு உண்டு, பக்குவத்துக்குப் பாராட்டு உண்டு. 'இல்லத்தரசி'யும் இப்படித்தான்: அரசி என்று சொல்லிவிட்டால் ஊதியம் பற்றிப் பேச வேண்டாம். இந்த இடத்தில் 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிருக்குத் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவித்தொகை' என்று வைக்காமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது நல்ல வேலை. உதவி என்றால் கும்பிட வேண்டும்; உரிமை என்றால் வராதபோது தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கலாம். பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துக்கு அரசு 'விடியல் பயணம்' என்று பெயர் சூட்டியும் 'ஓசி பஸ்' என்ற பேச்சு ஓயவில்லை. மேலிருந்து வரும் சொல் எப்போதும் ஒட்டிக்கொள்ளும் என்பதில்லை. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' ஒட்டியதற்கு, சான்றிதழ், பேருந்து இருக்கை, ஓய்வூதியம் எல்லாவற்றிலும் அந்தச் சொல் அச்சேறியது ஒரு காரணம்.

தொழிற்பெயரில் தமிழுக்கு ஒரு வசதி: மருத்துவர், ஓட்டுநர், நடத்துநர், செவிலியர், பொறியாளர் எல்லாமே பொது. அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 'கவிதாயினி' மரியாதைபோலத் தோன்றும்; ஆனால் கவிஞர்கள் வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக ஒரு பீடம் போட்டதாகிவிடும். எங்கே இரட்டை வடிவம் வேண்டும் என்றால், பெண்கள் 'இது நமக்கில்லை' என்று ஒதுங்கிவிடக் கூடிய இடத்தில்: ஐ.டி.ஐ. ஃபிட்டர் பிரிவு, ஓட்டுநர் பயிற்சி, தீயணைப்புத் துறை. அங்கே 'மாணவ மாணவியர் விண்ணப்பிக்கலாம்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். தேர்வு அட்டவணையில் அதையே இருபது முறை எழுதுவது தாளுக்குக் கேடு.

கற்பும் தொல்லையும்

'கற்பழிப்பு' என்ற சொல்லைப் பெரும்பாலான ஆசிரியர் குழுக்கள் கைவிட்டுவிட்டன. காரணம் நேரடியானது: அந்தச் சொல்லின்படி குற்றம் செய்தவன் எதையும் இழக்கவில்லை, பாதிக்கப்பட்டவர்தான் 'கற்பை' இழந்தார். பதிலாக வந்த சொற்களிலும் ஓட்டை இருக்கிறது. 'பாலியல் வன்கொடுமை' இப்போது உரசலிலிருந்து வன்புணர்வு வரை எல்லாவற்றுக்கும் போடப்படுகிறது. 'வன்கொடுமை வழக்கு' என்று தலைப்பில் சுருக்கினால் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றும் படிக்கலாம். 'சீண்டல்', 'தொல்லை' இரண்டும் கொசுவுக்கும் போடும் சொற்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்குக்கு அவை பொருந்தாது. வன்புணர்வு என்றால் வன்புணர்வு என்றே எழுதுங்கள். தொட்டார், பின்தொடர்ந்தார், படம் எடுத்து மிரட்டினார் என்றால் அந்த வினையையே எழுதுங்கள். குற்றப்பத்திரிகையில் உள்ள பிரிவு வழிகாட்டும். 'ஈவ் டீசிங்' என்பதும் அப்படியே. தமிழ்நாட்டின் 1998ஆம் ஆண்டுச் சட்டமே அந்தப் பெயரில் பிறந்து, பின்பு பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாறியது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்கு வெளியிட்ட கையேடும் அந்தச் சொல்லை நீக்கச் சொல்கிறது. 'பெண் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்' என்ற செயப்பாட்டு வாக்கியத்தில் செய்தவரே இல்லை. கைதானவர் இருந்தால் அவரை எழுவாயாக வைத்து எழுத முடியும்.

படிவத்தில்

கடைசியாக, சங்கம், பள்ளி, நூலகம் நடத்துபவர்களுக்குச் சில வரிகள். ஆணுக்குப் பிறந்தது முதல் இறப்புவரை 'த/பெ'. பெண்ணுக்குத் திருமணத்தன்று 'க/பெ' ஆகிவிடுகிறது. 'ம/பெ' என்று எந்த ஆணுக்கும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் 'பெற்றோர் / துணை / காப்பாளர் பெயர் (ஒன்று போதும்)' என்று ஒரே கட்டம் வைத்தால் எல்லோருக்கும் பொருந்தும். பாஸ்போர்ட்டிலேயே 2016 டிசம்பரிலிருந்து பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 'திரு' மணமானவரா இல்லையா என்று காட்டிக்கொடுப்பதில்லை, 'திருமதி', 'செல்வி' காட்டிக்கொடுக்கும். அழைப்பிதழில் எல்லோருக்கும் 'திருமிகு' போடலாம். அல்லது முன்னொட்டே இல்லாமல் பெயரை மட்டும் அச்சிடலாம்.

பாலினக் கட்டம் வைக்கும்முன், அந்தத் தகவலை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று கேளுங்கள். விடுதி அறை ஒதுக்க வேண்டுமானால் தேவை. நூலக உறுப்பினர் அட்டைக்குத் தேவையில்லை. தேவை என்றால் 'பெண், ஆண், திருநர், சொல்ல விரும்பவில்லை' என்று நான்கு. பல படிவங்களில் ஆண், பெண் இரண்டுக்கும் கீழே 'மற்றவை' என்று இருப்பதைப் பார்க்கலாம். ஆங்கில 'அதர்ஸ்' என்பதை யோசிக்காமல் பெயர்த்ததன் விளைவு. 'மற்றவை' பலவின்பால், அஃறிணைப் பன்மை. நாற்காலி, மேசை, மற்றவை. வேறு எதுவும் மாற்ற முடியாவிட்டாலும் அடுத்த முறை படிவம் அச்சுக்குப் போகும்போது அந்த 'வை'யை எடுத்துவிட்டு 'வர்' போடச் சொல்லுங்கள்.